எட்டுத் தட்டு ஏணி

மார்ச் 6, வெள்ளி

மாமா,

உங்கள் போனில் என் நம்பருக்குக் கதவைச் சாத்திவிட்டீர்கள். பதினேழு தடவை அடித்துப் பார்த்தேன். பதினெட்டாவது தடவை அக்காவின் போனிலிருந்து அடித்தேன். "மாமா" என்று வாயைத் திறந்ததும் வைத்துவிட்டீர்கள். அதனால் காகிதத்தை எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் முழுப் பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் சிரித்துவிடுவதுதான் நல்லது, பின்னால் தையல் இழுக்குமாம்.

அக்கா வாராவாரம் சனிக்கிழமை காலை ரயிலில் உங்களிடம் வந்து ஞாயிறு மாலை திரும்புகிறாள். இது அவள் பையில் வருகிறது. "என்னடா எழுதறே?" என்று கேட்டாள். "மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன். "நல்லாக் கேளு, உன் மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றாள். ஆனால் இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தால் மன்னிப்பு எங்கேயும் இல்லை.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உங்கள் கையில் அடித்துக் கொடுத்தவன் நான்தான். ஆறு மாசம் காப்பாற்றவும் செய்தேன். காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் நீங்கள் கிரேனில் ஏறுவதும், வயிறு பிடுங்கினால் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வர நேரம் இருக்காது என்று மூடி போட்ட பெயிண்ட் வாளி ஒன்றைக் கேபினில் வைத்திருந்ததும் எனக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலம் அதைச் சாக்கில் கட்டிக் கொக்கியில் மாட்டி இறக்குவீர்கள். "டூல்ஸ் வருது" என்று வாக்கி டாக்கியில் சொல்வீர்கள். கீழே நின்று உங்களுக்குக் கை காட்டுகிற நான்தான் வாங்கிப் போய்க் கழுவியது. ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. அப்படிக் கட்டிக் காத்த விஷயத்தை ஒரே மதியத்தில் இன்ஜினியரிடம் நானே போய்க் கொட்டினேன். அன்றைக்கே உங்களைக் கிரேனிலிருந்து இறக்கினார்கள். "இனி என் வாசப்படியை மிதிக்காதே" என்றீர்கள். மிதிக்கவில்லை.

மூன்று வாரத்தில் குடல் அடைத்துக்கொண்டு உங்களை வெளியூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். அதையும் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அக்காவுக்குக் 'குரோன் நோய்' என்று சொல்ல வாய் வரவில்லை; "அந்தக் குடல் வியாதி" என்கிறாள். மாத்திரையும் ஊசியும் போட்டுப் பார்த்தாயிற்று, இனி ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்கிறாள். நீங்கள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறீர்களாம். உண்மையா?

நீங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்


மார்ச் 8, ஞாயிறு

உனக்கு,

உன் அக்கா முகத்துக்காகப் படித்தேன். அவள் முகத்துக்காகவே பதிலும் எழுதுகிறேன்.

கிரேன் கேபினில் உட்கார்ந்தால் கீழே நடக்கிற எல்லாம் தெரியும். யார் ஓரமாக நின்று சிகரெட் பிடிக்கிறான், யார் ஹெல்மெட்டைக் கழற்றித் தலை சொறிகிறான் எல்லாம். அன்று மதியம் ஏணியில் திரும்ப ஏறும்போது நீ இன்ஜினியர் அறைக்குப் போனதையும் மேலேயிருந்து பார்த்தேன். நடந்து போயிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஓடினாய். ஹெல்மெட் கீழே விழுந்தது, திரும்பிப் பார்த்து எடுக்கக்கூட இல்லை. அவ்வளவு அவசரம். நான் ஏணியில் பாதி இறங்குவதற்குள் கீழே எனக்கு 'வாளி' என்று பேர் வைத்தாயிற்று. இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினேன், யார் தலைமேலும் ஒரு ஆணிகூட விழுந்ததில்லை. மிஞ்சியது இந்தப் பேர்.

கேட்டாயே, சொல்கிறேன். எட்டுக் கட்டில் உள்ள ஹால். என் ஜன்னலுக்கு எதிரே சுவர். டாக்டரம்மா சின்ன உருவம், பேச்சு மட்டும் படபடவென்று வரும். பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள். சிறுகுடலின் கடைசிப் பகுதி புண்ணாகிப் புண்ணாகித் தடித்து, உள்ளே வழி பென்சில் அளவுக்குக் குறுகிவிட்டது. அந்த முக்கால் அடியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இதுவரை சரி.

"ஆனா உங்க உடம்பு ரொம்ப இளைச்சிருக்கு, ஸ்டீராய்டும் வருஷக்கணக்காச் சாப்பிட்டிருக்கீங்க. தையல் பிடிக்குமான்னு உள்ள பார்த்துத்தான் சொல்ல முடியும். பிடிக்காதுன்னு பட்டா, குடல் முனையை வயித்துக்கு வெளியில கொண்டுவந்து வச்சு அதுமேல பை மாட்டிடுவேன். சில மாசம் கழிச்சுத் திரும்ப உள்ள சேர்க்கலாம். சில பேருக்குச் சேர்க்க முடியாமலும் போகும்."

தைப்பதற்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "பாதிக் கையெழுத்தெல்லாம் இங்க செல்லாது" என்றாள். அப்படியானால் வேண்டாம் என்றுவிட்டேன். வாளி போய்ப் பை. வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு எவன் என்னை மறுபடி கிரேனில் ஏற்றுவான்? மூக்கு வழியாக டியூப் போட்டு ஏதோ வெள்ளைத் தண்ணியை ஏற்றுகிறார்கள், உடம்பு தேற. தேறினதும் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மறுபடி எழுதாதே.


மார்ச் 13, வெள்ளி

மாமா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவன் என்ற பேர்தான் எனக்குப் போய்விட்டதே.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ரயிலிலிருந்து நேரே என் அறைக்கு வந்தாள். உங்கள் சட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் விரித்து இஸ்திரி போட்டாள். மடித்தாள். திரும்பப் பிரித்து இஸ்திரி போட்டாள். மூன்றாவது தடவை போடும்போதுதான் பேசினாள். இப்போது செய்தால் திட்டம் போட்டுச் செய்யலாம், முழுசாக அடைத்துக் குடல் கிழிந்துவிட்டால் பிறகு படம் போட்டுக் காட்ட நேரம் இருக்காது என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னாராம். அப்போது பை நிச்சயம், நீங்கள்தான் நிச்சயமில்லை. இதை உங்களிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. அதனால் நான் சொல்கிறேன். என்மேல் ஏற்கெனவே கோபமாகத்தானே இருக்கிறீர்கள், இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்ததை உயரத்திலிருந்து பார்த்ததாகச் சொல்கிறீர்கள். கீழேயிருந்து பார்த்தது எப்படி என்று கேளுங்கள். பதினொரு மணிக்கு அந்தக் கான்கிரீட் பலகை அந்தரத்தில் நின்றது. இறக்கு என்று கை காட்டுகிறேன், இறங்கவில்லை. வாக்கி டாக்கியில் கூப்பிடுகிறேன், சத்தமே இல்லை. நாலு நிமிஷம். கம்பி கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் நான் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினேன். பிறகு உங்கள் குரல் வந்தது, "ஒண்ணுமில்லடா, இறக்கறேன்" என்று. குரலே உங்கள் குரலாக இல்லை. அப்போதும் நான் ஓடவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினீர்கள். ஏணியில் நடுநடுவே நின்று இளைப்பாற வைத்திருக்கிற ஏழு தட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தீர்கள். நான் எண்ணினேன். கீழே வந்து முகத்தைக் கழுவினீர்கள், ஈரக் கையைப் பேண்டில் துடைத்தீர்கள், மறுபடி ஏணியைப் பிடித்து ஏற ஆரம்பித்தீர்கள். அதைப் பார்த்துத்தான் ஓடினேன். ஒவ்வொரு சைட்டிலும் முதல் நாள் சொல்கிற விதிதானே? தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாம் கை காட்ட நியமித்த ஆள்தான் காட்ட வேண்டும். 'நிறுத்து' என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், யார் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும். நான் காட்டினால் நீங்கள் நிற்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் இன்ஜினியரைக் காட்டச் சொன்னேன். நீங்கள் விழுந்திருந்தால், "கவலைப்படாதே அக்கா, மாமாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன்" என்று அவளிடம் போய்ச் சொல்லியிருக்கணுமா?

ஒரு விஷயம். போன வாரம் ஒருத்தன் டீ குடிக்கும் இடத்தில் 'வாளி' என்று ஆரம்பித்தான். "அந்த வாளியைக் கழுவினது நான், பேரு வைக்கிறதா இருந்தா எனக்கு வையி" என்றேன். வைத்துவிட்டார்கள். இப்போது சைட்டில் எனக்குப் பேர் 'மூடி'.

கையெழுத்துப் போடுங்கள் மாமா.


மார்ச் 15, ஞாயிறு

உனக்கு,

ஏழு தட்டு இல்லை, எட்டு. உச்சித் தட்டு கீழேயிருந்து தெரியாது. கேபினை விட்டு வந்ததும் முதலில் அதில்தான் உட்கார்ந்தேன். அதிலிருந்து எழுந்திருக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது.

இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமை. இதனால் உன்னை மன்னித்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

மூடி என்பது உனக்குக் கொஞ்சமும் பொருந்தாத பேர்.


மார்ச் 22, ஞாயிறு

மாப்பிள்ளை,

பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.

வெள்ளைத் தண்ணி வேலை செய்கிறது. இரண்டரைக் கிலோ ஏறியிருக்கிறேன். டாக்டரம்மா ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துவிட்டாள். சிகரெட்டை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டாள். வெட்டி எடுத்தாலும் இந்த நோய் வேரோடு போகாது, பக்கத்திலேயே மறுபடி தலைகாட்டும், சிகரெட் பிடித்தால் சீக்கிரம் காட்டும் என்கிறாள். வெட்டியும் போகாத நோய்க்கு எதற்கு வெட்டு என்றேன். "சாப்பிடறதுக்கு, தூங்கறதுக்கு, பத்து வருஷம் நிம்மதியா இருக்கறதுக்கு" என்றாள்.

நேற்று ஒரு நர்ஸ் வந்தாள். பை மாட்டுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவள் வேலை. பை தேவைப்பட்டால் எந்த இடத்தில் என்று முன்னாலேயே வயிற்றில் குறி போட வேண்டுமாம், மயக்கத்தில் படுத்திருக்கும் வயிறு ஒரு மாதிரி, எழுந்து நடமாடும் வயிறு வேறு மாதிரி என்பதால். படுக்கச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், நிற்கச் சொன்னாள். தொப்புளுக்கு வலது பக்கம் நாலு விரல், கீழே இரண்டு விரல் தள்ளிக் கறுப்புப் பேனாவால் ஒரு வட்டம். குளித்தாலும் அழியாமல் மேலே கண்ணாடி டேப் ஒட்டினாள். குனிந்து பார்த்தால் வயிற்றிலிருந்து ஒரு கண் என்னைப் பார்க்கிறது.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து மூளை வேலை செய்தது என்று தெரியவில்லை. "ஆபீஸ் வேலைம்மா, ஃபைல் பாக்கறது" என்றேன். "நாற்காலியில நிமிர்ந்து உக்காருவீங்களா?" என்றாள். "நிமிர்ந்துதான்" என்றேன். யோசித்துப் பார். கிரேன் என்று எழுதினால், பிறகு வேலைக்குப் போகலாம் என்று சர்ட்டிபிகேட் கேட்கும்போது எந்த டாக்டர் தருவார்? ஃபைல் பார்க்கிறவன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'வேலைக்குத் திரும்பலாம்' என்று எழுதிவிடுவார்கள். அதைக் கொண்டுவந்து இன்ஜினியர் மேசையில் வைப்பேன். எந்த வேலை என்று அதில் யார் பார்க்கப் போகிறார்கள்?

உன் அக்கா அப்போது மருந்துக் கடைக்குப் போயிருந்தாள், அவளுக்குத் தெரியாது. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். ஏன் உன்னிடம் போய்ச் சொல்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஒன்பது வருஷம் கீழே நீ இருக்கிறாய் என்று நினைத்தே பேசிப் பழகிவிட்டேன். இதையாவது வாய்க்குள் வைத்துக்கொள், இந்த ஒரு தடவை.

பயமாக இருக்கிறது. அவள் முன்னால் சொல்ல முடியாது, எழுதிவிடலாம்.


மார்ச் 23, திங்கள், மதியம் ஒரு மணி

மாமா,

நேற்று மாலை அக்கா கொடுத்ததும் படித்தேன். முதலில் சிரித்தேன், ஃபைல் பார்க்கிற மூஞ்சியைப் பார் என்று. படுத்த பிறகு "நிமிர்ந்துதான்" என்பது தொண்டையில் மாட்டிக்கொண்டது. எந்தக் கிரேன்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்?

இன்று காலை டீ நேரத்தில், உங்கள் இடத்தில் கிரேன் ஓட்டுகிற புது ஆளிடம், கேபினை ஒரு தடவை பார்க்கணும் என்று கெஞ்சினேன். நான் மூன்றாவது தட்டைத் தாண்டி ஏறியதே இல்லை என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தலை சுற்றும். எட்டுத் தட்டும் ஏறினேன். எட்டாவது தட்டு இருக்கிறது மாமா, சத்தியமாகக் கீழேயிருந்து தெரியவில்லை. அதில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கேபினில் உங்கள் சீட்டில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, நீங்கள் எழுதின கணக்கில் விரல் வைத்து அளந்து பேனாவால் வட்டம் போட்டேன். பெல்ட்டை மாட்டினேன். கொக்கியைப் பார்க்க என்ன செய்வீர்களோ அதைச் செய்தேன்: இரண்டு கையும் லீவரில், முழங்காலுக்கு நடுவே குனிந்து, காலடிக் கண்ணாடி வழியாக நேர் கீழே. அப்படியே நிமிராமல் சட்டைக்குள் பார்த்தேன். வட்டம் இல்லை. மடிப்புக்குள் போய்விட்டது, அதன் மேலேயே பெல்ட்டின் பக்கிள் உட்கார்ந்திருக்கிறது. நான் உங்களைவிடக் குண்டு என்பீர்கள். இருக்கட்டும், பக்கிள் யாருக்கும் அதே இடம்தான். மடிப்பில் ஒட்டிய பை எத்தனை மணி நேரம் நிற்கும்? தினமும் பத்து மணி நேரம் அப்படிக் குனிந்தே இருக்கிறீர்கள். மறுபடி கேபினில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னீர்கள். அந்தப் பொய்யே உங்களை உட்கார விடாது.

புதன்கிழமை ஆபரேஷன். அக்கா இன்று மூன்று மணி ரயிலில் கிளம்புகிறாள், ராத்திரி வார்டுக்குள் விட மாட்டார்கள், நாளைக் காலை உங்களிடம் இருப்பாள். இந்தக் கவரை ஒட்டித்தான் தருகிறேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்ட அளவுக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நர்ஸிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நாளை நாலு மணி வரை பொறுத்திருப்பேன். நாலு மணிக்கு வார்டு நம்பருக்குக் கூப்பிட்டு நானே சொல்லிவிடுவேன். போன தடவை உங்களுக்குத் தெரியாமல் ஓடினேன், அது தப்பு, அதற்கு மட்டும் மன்னிப்பு. இந்தத் தடவை உங்களிடம் சொல்லிவிட்டு ஓடுகிறேன்.


மார்ச் 24, செவ்வாய்

மணி ஒன்றரை.

கெடு வைக்கிறாயா எனக்கு? நாளைக்கு வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், இன்றைக்கு நாலு மணி என்று கெடு. எழுதிக் கொடுத்த நம்பிக்கைக்கு நல்ல மரியாதை செய்தாய். உன்னை நம்பி ஒரு வார்த்தை சொன்னேனே, என் புத்தியைச் சொல்லணும்.

கவரைக் கொடுத்துவிட்டு உன் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன எழுதியிருக்கான்?" என்றாள். "வழக்கம்போல உளறியிருக்கான்" என்றேன். சாப்பிட்டு வா என்று அனுப்பிவிட்டேன்.

மணி இரண்டே முக்கால்.

உனக்கு என்ன தெரியும்? குண்டு வயிற்றை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தானாம். எனக்கு வயிறே இல்லை, ஒட்டிப்போய்க் கிடக்கிறது. மடிப்பு எங்கிருந்து வரும்?

வார்டு அங்கியின் நாடாவை உருவி இடுப்பில் குறுக்கே கட்டிக்கொண்டேன், பெல்ட் மாதிரி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கையை லீவரில் வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக் குனிந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் "வாந்தி வருதா? நர்ஸைக் கூப்பிடவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

வட்டம் தெரியவில்லை. விரலை விட்டுத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மணி மூன்றரை.

சொன்னால் ஃபைலில் கிரேன் என்று ஏறிவிடும். சர்ட்டிபிகேட் போச்சு. சொல்லாவிட்டால் நீ சொல்லிவிடுவாய். அப்போதும் போச்சு. இரண்டு பக்கமும் அடைத்து உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் குறைந்தால் எதிர்ச்சுவர் இன்னும் கிட்ட வருகிறது. உன் அக்கா வந்துவிட்டாள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அது இன்னும் பயமாக இருக்கிறது.

நீ எட்டுத் தட்டும் ஏறினாய் என்பதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மொட்டை மாடியில் ஓரத்துக்கு வராதவன் நீ.

நர்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.


மார்ச் 26, வியாழன்

மாமா,

இதைத் தபாலில் போடுகிறேன். உங்கள் செவ்வாய்க்கிழமைக் கடிதம் அக்காவிடம்தான் இருக்கிறதாம், வந்ததும் படிக்கிறேன். அதற்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நாலு அடிக்கும்வரை சைட்டில் நான் எத்தனை தப்புச் சைகை காட்டினேன் என்று தெரியாது. புது ஆள் வாக்கி டாக்கியில் "மூடி, இன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டான். சரியாக நாலு மணிக்கு வார்டு நம்பரை அடித்தேன். யாரோ ஆயா எடுத்தாள். பை நர்ஸ் இருக்காங்களா என்றேன். "அவங்க இப்ப வர முடியாதுப்பா. இங்க ஒரு ஆளு ஸ்டூல் மேல உக்காந்து கிரேன் ஓட்டிக் காட்டறாரு, வார்டே வேடிக்கை பாக்குது. யாரு பேசறது?" என்றாள். போனை வைத்துவிட்டு அங்கேயே மணல் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். யாராவது பார்த்தார்களா என்றும் பார்க்கவில்லை.

நேற்று முழுக்க ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. மூன்று மணி நேரம் என்று சொன்ன ஆபரேஷன் ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. அக்கா நாலாவது மணி நேரத்தில் போன் பண்ணி ஒன்றும் பேசாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள், நானும் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு டாக்டர் வெளியே வந்து சொன்னதை எனக்கும் கேட்கும்படி போனைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஸ்கேனில் தெரியாத இன்னொரு சுருக்கமும் அதன் பின்னால் சீழும் இருந்ததாம். இரண்டையும் எடுத்தாயிற்று. இந்த நிலையில் தைத்தால் பிரிந்துவிடும் என்று பைதான் வைத்திருக்கிறார். நர்ஸ் மாற்றிப் போட்ட புதுக் குறியில்.

இன்று காலை அக்கா மறுபடி கூப்பிட்டாள். "மூக்குல குழாய் இருக்கு, தொண்டையெல்லாம் புண்ணாம், பேச முடியலை. ஒரு மணி நேரமாக் கையை என்னமோ பண்றார்டா. மயக்க மருந்துல மூளை கலங்கிப்போச்சான்னு நர்ஸ் பாக்கறா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். என்ன செய்கிறார், பார்த்து அப்படியே சொல்லு என்றேன். "வலது கை ஆள்காட்டி விரலை மேல நீட்டிச் சின்னதா வட்டம் சுத்தறார். இடது உள்ளங்கையை அதுக்கு மேல அசையாம வச்சிருக்கார்."

"அக்கா, மெதுவாத் தூக்குன்னு சொல்றார். கட்டிலோட தலைப்பக்கத்தைத் தூக்கு, மெதுவா" என்றேன்.

தூக்கினாளாம். நீங்கள் முஷ்டியை மூடிக் காட்டினீர்களாம். அது என்ன என்று கேட்டாள். போதும், அங்கேயே நிறுத்து என்று அர்த்தம், நிறுத்திவிடு என்றேன். நிறுத்தினதும் தூங்கிவிட்டீர்களாம்.

இங்கே நானும் தூங்கப் போகிறேன்.


மே 10, ஞாயிறு

மாப்பிள்ளை,

என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, நீயும் நடுவில் பேசுவாய், அதனால் எழுதி உன் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பையைப் பற்றி உன் அக்கா சொல்லியிருப்பாள். முதல் இரண்டு வாரம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டேன் என்று அடம் பிடித்தேன். வெளியே சிவப்பாக, ஈரமாக, தானாக அசைகிறது. என் குடலை நானே நேருக்கு நேர் பார்க்கிறேன். ஒரு தடவை பை கழன்று படுக்கையெல்லாம் ஆனது. அன்று நான் பேசிய பேச்சுக்கு உன் அக்கா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இப்போது நானே கழற்றி நானே மாட்டுகிறேன், ஐந்து நிமிஷம். சாப்பிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு வலிக்காக உட்கார்ந்து காத்திருக்கிறேன், வரவில்லை. எத்தனை வருஷம் ஆயிற்று மாப்பிள்ளை, சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்.

புது இடம் தொப்புளுக்கு மேலே. அன்று அந்த நர்ஸ், "இத்தனை வருஷத்துல ஃபைல் பாக்கறவர் யாரும் இப்படிக் குனிஞ்சு நான் பாத்ததில்ல" என்று திட்டிக்கொண்டே ஸ்பிரிட்டால் பழைய வட்டத்தைத் துடைத்தாள். நேற்று நம் வீட்டு ஸ்டூலில் பெல்ட்டைக் கட்டி முழுசாக ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். பை அசையவில்லை.

முந்தாநாள் டாக்டரம்மா பார்த்தாள். சர்ட்டிபிகேட் கேட்டேன். ஃபைலைப் பிரித்தாள். அதில் அந்த நர்ஸ் 'கிரேன் ஓட்டுநர், குனிந்த நிலை, இடுப்புப் பெல்ட்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். டாக்டரம்மா எழுதினாள்: ஆறு மாதம் ஏணி ஏறக் கூடாது, எடை தூக்கக் கூடாது. பிறகு பரிசோதித்து, பை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிரேன் ஓட்டலாம். இடையில் இறங்கி வர நேரம் கொடுக்க வேண்டும். அடியில் முத்திரை. நான் சொன்ன பொய்யோடு போயிருந்தால் என்ன எழுதித் தந்திருப்பாள் தெரியுமா? 'அலுவலக வேலைக்குத் திரும்பலாம்.' அதைக் கொண்டுபோய் இன்ஜினியர் மேசையில் வைத்திருந்தால் என்னை அந்த மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருப்பார். அந்தப் பொய்யைச் சொன்னபோது என்னை எவ்வளவு பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்!

அதுவரை கீழே உன்னோடு நின்று கை காட்டச் சொல்கிறார் இன்ஜினியர். ஆறு மாதம் உன் பக்கத்தில் நிற்பதற்கு இன்னொரு ஆபரேஷனே செய்துகொள்ளலாம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்ப உள்ளே சேர்த்துத் தைப்பார்களா, தைத்தால் பிடிக்குமா, நோய் மறுபடி எப்போது எட்டிப் பார்க்கும், எதுவும் யாருக்கும் தெரியாது. ஊசி தொடர்கிறது. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். நான் மறுபடி அந்த ஏணியில் ஏறுவேன். அன்றைக்குக் கீழே நிற்கப்போவது நீதான், வேறு எவனையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் குரல் என் குரலாக இல்லையென்றால், தட்டுக்குத் தட்டு உட்கார்ந்து இறங்கினால், ஒண்ணுமில்லடா என்று சொன்னால், நம்பாதே. இரண்டு கையையும் விரித்து 'நிறுத்து' என்று காட்டு. நான் நிற்கவில்லையென்றால் இன்ஜினியர் அறை எங்கே என்று உனக்குத் தெரியும்.

நடந்து போகாதே. ஓடு.

மாமா

இன்று மத்தியானம் சாப்பிட வா. வாசப்படியை மிதித்துத்தான் வர வேண்டும், வேறு வழி இல்லை.